நாற்பது ஸ்வெட்டரும் இருபத்தெட்டுக் குடைகளும்

எங்கள் பள்ளிக்கூடத்தில் அவருக்கு 'உருண்டை டீச்சர்' என்று பேர். ஆள் உருண்டை இல்லை, நல்ல ஒல்லி. எந்த வகுப்புக்குப் போனாலும் ஒரு பூமி உருண்டையைக் கைக்குழந்தைபோல இடுப்பில் இடுக்கிக்கொண்டு போவார். அது ஒருமுறை மாடிப்படியில் விழுந்து கடல் பக்கம் நசுங்கிவிட்டது. "நல்லவேளை, தண்ணியிலதான் அடிபட்டுச்சு, ஆளுங்க யாருக்கும் ஒண்ணும் ஆகல" என்று டீச்சர் சொன்னார். அவர் வேடிக்கையாகப் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

நான் அங்கே அலுவலக உதவியாள். தபால் வாங்குவது, பதிவேட்டில் எழுதுவது, பார்சல் கட்டுவது, மணி அடிப்பது, மழைக்காலத்தில் நாலாம் அறையில் பக்கெட் வைப்பது எல்லாம் என் வேலை. ஏழாவதோடு படிப்பை நிறுத்தியவள். பிள்ளைகள் தபாலக்கா என்பார்கள், டீச்சர் தபாலம்மா என்பார். எனக்கு அதிகம் பேச வராது. பேசாத ஆள் பக்கத்தில் நின்றால் சுவர் நிற்கிறது என்று நினைத்து மற்றவர்கள் பேசிவிடுவார்கள். அதனால் எனக்குத் தெரிய வேண்டியதைவிடக் கொஞ்சம் கூடவே தெரியும்.

டீச்சருக்கு அப்போது ஐம்பத்திரண்டு வயது. அப்பா இறந்தபோது தம்பி சின்னப் பையன். அவனைப் படிக்கவைத்து, வேலையில் சேர்த்து, கல்யாணம் முடித்துவைத்தார். தன்னுடைய கல்யாணத்தைப் பற்றிப் பேச அந்த வீட்டில் யாருக்கும் நேரம் கிடைக்கவில்லை. தம்பி மனைவி நல்ல மாதிரிதான். ஆனால் முதல் பிள்ளை பிறந்ததும் டீச்சரின் கட்டில் அறையிலிருந்து ஹாலுக்கு வந்தது. இரண்டாவது பிள்ளை பிறந்ததும் அது மடக்குக் கட்டிலானது. பிறகு ஒருநாள், "அண்ணி, உங்க ஸ்கூலுக்குப் பக்கத்துல ஒரு ரூம் காலியா இருக்காம். உங்களுக்கு இவ்வளவு தூரம் நடக்கிற அலைச்சல் மிச்சம்" என்று தம்பி மனைவி சொன்னாள். அலைச்சல் மிச்சமானது உண்மைதான்.

கண்ணாடி வெட்டும் கடைக்கு மேலே அந்த அறை. விடைத்தாள் கட்டு கொடுப்பதற்காக ஒருதடவை போயிருக்கிறேன். மழைக்கு உப்பிப்போன கதவை உள்ளேயிருந்து அவர் இழுக்க, வெளியேயிருந்து நான் தோளால் இடிக்க, ஒருவழியாகத் திறந்தது. ஒரு நாற்காலி, ஒரு தட்டு, ஒரு தம்ளர். எனக்குத் தம்ளரில் டீ ஊற்றிக் கொடுத்துவிட்டு அவர் பிளாஸ்க் மூடியில் குடித்தார். கீழே கண்ணாடி கீறும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. "பழகிடுச்சு. ஞாயித்துக்கிழமை கடை லீவு, அன்னைக்குத்தான் கஷ்டமா இருக்கும்" என்றார்.

ஆசிரியர்கள் அறையில் அவருடைய நாற்காலி பீரோவுக்குப் பக்கத்தில். யாராவது பீரோவைத் திறந்தால் அவர் உடம்பைச் சாய்த்து வழிவிட வேண்டும். மற்றவர்கள் தங்கள் பிள்ளைகளின் பல்வலி, மார்க், வரன் என்று பேசிக்கொண்டிருப்பார்கள். இவர் "அப்படியா" என்பார். ஒருநாள் உட்கார்ந்து எண்ணினேன். காலையிலிருந்து சாயங்காலம் வரை பதினாறு 'அப்படியா'. அவரை யாரும் எதுவும் கேட்கவில்லை.

இப்படியிருக்கும்போதுதான் ஒரு சுற்றறிக்கை வந்தது. வாரம் ஒரு பீரியட் 'உலகக் குடிமை' நடத்த வேண்டும், வெளிநாட்டுப் பள்ளி ஒன்றோடு தொடர்பு வைத்துக்கொள்ளலாம், பரீட்சை கிடையாது. பரீட்சை இல்லாத பாடத்தை எடுக்க யாரும் முன்வரவில்லை.

"உருண்டை டீச்சர்கிட்ட குடுத்துடுங்க சார்" என்றார் கணக்கு சார். "உலகமே அவங்க இடுப்புலதானே இருக்கு."

எல்லோரும் சிரித்தார்கள். டீச்சரும் சிரித்தார். வெள்ளிக்கிழமை கடைசி பீரியட் அவருக்கு விழுந்தது.

புத்தகத்தின் முதல் பக்கத்தில், பிள்ளைகள் பூமியைச் சுற்றிக் கைகோத்து நிற்கிற படம். முன்வரிசையில் ஒரு பெண், ஓயாமல் கேட்பதால் 'கேள்விப்பெட்டி' என்று பேர் வாங்கியவள், எழுந்து நின்றாள். "டீச்சர், எல்லாரும் கையைப் பிடிச்சுக்கிட்டு நின்னா அன்னைக்குச் சமைக்கிறது யாரு?"

டீச்சர் படத்தை ஒருமுறை பார்த்தார். புத்தகத்தை மூடிவைத்தார். அதற்குப் பிறகு அதைத் திறக்கவே இல்லை.

சுற்றறிக்கையில் இருந்த பட்டியலைப் பார்த்து, கடல் கடந்து ஏதோ ஒரு குளிர்ப்பிரதேசத்துப் பள்ளிக்கு எழுதினார். அங்கேயும் இந்தப் பாடம் ஒரு டீச்சர் தலையில் கட்டப்பட்டிருந்தது. இரண்டு பேரும் கடிதத்திலேயே பேசி ஒரு முறை வைத்துக்கொண்டார்கள். நாலு மாதத்துக்கு ஒருதரம் ஒரு பெட்டி போகும், ஒரு பெட்டி வரும். பரிசு, படம், கொடி எதுவும் கூடாது. கேள்வி மட்டும். இங்கே ஒரு பிள்ளை கேட்டால் அங்கே ஒரு பிள்ளை பதில் எழுதி, திருப்பி ஒன்று கேட்க வேண்டும். பிள்ளைகள் கைப்பட எழுதிய தாளோடு டீச்சர் மொழிபெயர்ப்பை எழுதிப் பின் போடுவார். கரும்பலகையின் ஓரத்தில் எப்போதும் ஒரு வரி இருக்கும்: இருப்பதை எழுது.

"உங்க வீட்டுல முதல்ல எந்திரிக்கிறது யாரு?", "உங்க தெருவுல யாரைப் பார்த்தா ஓடுவீங்க?" இப்படித்தான் கேள்விகள். ஒருதடவை இங்கேயிருந்து ஒரு பையன், "அப்பா கோபமா வர்றார்னு எப்படிக் கண்டுபிடிப்பீங்க?" என்று கேட்டிருந்தான். பதில் வந்தது. டீச்சர் வாசித்தார்: "சாவியை மேசைமேல் வைக்கிற சத்தத்தில்." நான் பதிவேட்டோடு வாசலில் நின்றிருந்தேன். இருபத்தெட்டுப் பிள்ளைகளும் டீச்சரையே பார்த்தார்கள். பின்வரிசையிலிருந்து, "எங்கப்பாவும்தான் டீச்சர்" என்று ஒரு குரல் வந்தது. நான் கையெழுத்து வாங்க வந்ததை மறந்து திரும்பிப் போய்விட்டேன்.

பிள்ளைகளைப் போலவே இரண்டு டீச்சர்களும் ஆளுக்கொரு கேள்விச்சீட்டு வைப்பார்கள். டீச்சர் நம் மொழியில் எழுதி, கீழே மொழிபெயர்த்திருப்பார். பெட்டி கட்டுகிறவள் நான், சீட்டு திறந்துதான் இருக்கும். படித்தது தப்புதான்.

அங்கிருந்து வந்த முதல் கேள்வி இது: வெள்ளிக்கிழமை மாலை நீங்கள் வீட்டுக்குப் போனதும் யார் கதவைத் திறப்பார்கள்?

டீச்சரின் பதில்: "என் தம்பி மகன் ஓடிவந்து திறப்பான். என் பையைப் பிடுங்கி உள்ளே என்ன இருக்கிறது என்று பார்ப்பான்."

படித்துவிட்டு டேப் ஒட்டினேன். அடுத்த பெட்டியில் அந்தப் பையனுக்குக் காய்ச்சல் வந்து குணமானது. அதற்கடுத்ததில் சைக்கிள் கற்றுக்கொண்டு முழங்காலைச் சிராய்த்துக்கொண்டான். அந்த ஊர் டீச்சர் ஒவ்வொரு தடவையும் அவனை விசாரித்தார். நிஜப் பையன் எப்படி வளர்ந்தானோ தெரியாது, ஒரு பையன் எங்கள் தபாலிலேயே வளர்ந்தான்.

மூன்றாம் வருடம் கேள்விப்பெட்டி ஒரு கேள்வி அனுப்பினாள். "உங்க ஸ்கூல்ல என்ன உடைஞ்சிருக்கு?" பதில் வந்தது. "ஹீட்டர். எல்லோரும் கோட்டோடு உட்கார்ந்திருக்கிறோம். பேனா மை உறைந்துபோகிறது என்று என் பக்கத்தில் இருப்பவன் எழுதியிருப்பான், நம்பாதே. உங்கள் பள்ளியில் என்ன உடைந்திருக்கிறது?" எங்கள் பிள்ளைகள் எழுதினார்கள்: நாலாம் அறைக் கூரை. மழை வந்தால் பெஞ்சு நகரும், நடுவில் பக்கெட் உட்காரும்.

அந்தப் பெட்டி போய் இரண்டு மாதம் கழித்து, ஹீட்டர் கடிதம் பெரிய சார் கையில் கிடைத்தது. பெரிய சார் என்றால் எங்கள் தலைமை ஆசிரியர். மற்றத் தபாலோடு தவறி அதை அவர் மேசையில் வைத்தது நான்தான்.

"அடப்பாவமே, பச்சைப் பிள்ளைங்க!" என்றார். மறுநாள் காலை வரிசையிலேயே அறிவித்துவிட்டார். வீட்டில் சின்னதாகிப்போன ஸ்வெட்டரை எல்லோரும் கொண்டுவர வேண்டும். 'உலகம் ஒரே குடும்பம்' என்று பேனர் எழுதப்பட்டது.

"சார், அவங்க கேட்கல" என்று டீச்சர் சொல்லிப் பார்த்தார். "அந்தப் பிள்ளைங்க சும்மா உள்ளதைச் சொன்னாங்க, அவ்வளவுதான். நாங்க கேள்வி மட்டும்தான் அனுப்புறதுன்னு பேசியிருக்கோம்."

"கேட்டப்புறம் குடுக்கிறது என்ன பெரிய காரியம் டீச்சர்? கேட்காம குடுக்கணும்."

முப்பத்தொன்பது ஸ்வெட்டர் சேர்ந்தது. பெரிய சார் நடுவில் நிற்க, பிள்ளைகள் ஸ்வெட்டரை உயர்த்திப் பிடிக்க, போட்டோ எடுத்தார்கள். நான் கட்டிக்கொண்டிருக்கும்போது டீச்சர் வந்து இன்னொன்றைக் கொடுத்தார். பழுப்பு நிறம், பெரியவர்கள் அளவு, முழங்கையில் ஒட்டு. எங்கள் ஊரில் குளிர் அடிக்கிற இரண்டு மாதமும் அவர் போட்டுக்கொண்டு வருவது அதுதான்.

"பிள்ளைங்களுக்கு இது தொளதொளன்னு இருக்குமே டீச்சர்?"

"அந்த டீச்சரும் அதே ரூம்லதானே உட்கார்ந்திருக்காங்க" என்றார்.

நாற்பது என்று பதிவேட்டில் எழுதி அனுப்பினேன்.

பத்தாம் நாள் அங்கிருந்து ஒரு பெரிய பார்சல் வந்தது. எங்களுடையது அங்கே போய்ச் சேருவதற்குள்ளேயே கிளம்பியிருக்கிறது, வழியில் எங்கோ இரண்டும் ஒன்றையொன்று தாண்டிப் போயிருக்க வேண்டும். பெரிய சார் அறையில் பிரித்தேன். குடைகள். புதுசு, ஆளுக்கொரு நிறம், இருபத்தெட்டு. கூடவே ஒரு போட்டோ. அந்த ஊர்ப் பிள்ளைகள் குடையை உயர்த்திப் பிடித்திருக்கிறார்கள், நடுவில் அவர்களுடைய பெரிய சார், பின்னால் பேனர். டீச்சர் அதை வாசித்துச் சொன்னார்: 'எல்லோர்க்கும் ஒரே கூரை.' அந்த மனிதருக்குத் தொந்தி கொஞ்சம் குறைவு. மற்றபடி அதே நிற்கிற தினுசு, அதே சிரிப்பு. எனக்குச் சிரிப்பு வந்து, பார்சல் சணலைச் சுற்றுவதுபோல குனிந்துகொண்டேன்.

பெரிய சார் சிரிக்கவில்லை. "எதுக்கு இது?"

"நாலாம் ரூம் ஒழுகுதுன்னு பிள்ளைங்க எழுதியிருந்தாங்க சார்."

"யாரு எழுதச் சொன்னது?"

"நான்தான் சார்."

"நம்மளை என்னன்னு நெனச்சிருக்காங்க? வகுப்புக்குள்ள குடையைப் பிடிச்சுக்கிட்டுப் படிக்கிற கூட்டம்னா?"

"அவங்களை நாம என்னன்னு நெனச்சோமோ, அதேதான் சார்."

மெதுவாகத்தான் சொன்னார். ஆனால் அவர் வாயிலிருந்து 'அப்படியா' தவிர வேறு எதையும் கேட்டுப் பழகாத பெரிய சாருக்கு முகம் சிவந்துவிட்டது. அப்போதே அவர் ஒரு கடிதத்தைச் சொல்லச் சொல்ல எழுத்தர் தட்டச்சு செய்தார். எங்கள் பள்ளியில் ஒழுகல் எதுவும் இல்லை, அது சிறுபிள்ளைகளின் கற்பனை, குடைகளை நன்றியுடன் திருப்பி அனுப்புகிறோம்.

"இதுல நீங்கதான் கையெழுத்துப் போடணும். நீங்கதானே ஆரம்பிச்சீங்க. போட்டா அந்த பீரியட் உங்களுக்கே. இல்லன்னா கணக்குக்குப் போயிடும். அவர் ரொம்ப நாளா கேட்டுக்கிட்டு இருக்கார். திங்கக்கிழமை சொல்லுங்க."

டீச்சர் அந்தத் தாளோடு நேராக என் ஸ்டோர் அறைக்கு வந்தார். கவிழ்த்துவைத்த பக்கெட் மேல் உட்கார்ந்தார்.

"தபாலம்மா, நாலாம் ரூம்ல எத்தனை பக்கெட் வைக்கிறீங்க?"

"மூணு டீச்சர். பெருமழைன்னா நாலு."

தலையாட்டினார். எனக்கு மனசு கேட்கவில்லை. வெள்ளிக்கிழமை இல்லாத டீச்சரை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. "போட்டுடுங்க டீச்சர். ஒரு கையெழுத்துதானே? அவங்க என்ன, கடல் தாண்டி வந்து நம்ம கூரையைப் பார்க்கவா போறாங்க?"

"நானும் ஒவ்வொரு தடவையும் அப்படித்தான் நெனச்சுக்கிட்டேன்" என்றார். "வந்து பார்க்கவா போறாங்கன்னு."

எனக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் தரையைப் பார்த்தேன்.

"நீங்க படிச்சிருப்பீங்கன்னு தெரியும். பரவாயில்ல."

"ஏன் டீச்சர் அப்படி எழுதினீங்க?"

"முதல் தடவை வெட்கமா இருந்துச்சு. ரெண்டாவது தடவை அந்தப் பையன் மேல பாசம் வந்துடுச்சு."

"பீரியட் போனா போகட்டும் டீச்சர். உங்க வீட்டு விலாசத்தைக் குடுத்து எழுதச் சொல்லுங்களேன்."

"எந்த வீட்டு விலாசத்தை?" என்று கேட்டார். அந்தப் பையன் ஓடிவந்து கதவு திறக்கிற வீட்டுக்கு விலாசம் ஏது?

திங்கட்கிழமை கடிதத்தை அப்படியே கொண்டுபோய் மேசையில் வைத்தார். "பிள்ளைங்களை இருப்பதை எழுதுன்னு சொல்லிட்டு, அதுங்க எழுதினதைக் கற்பனைன்னு நான் கையெழுத்துப் போட முடியாது சார்."

"அப்ப சரி" என்றார் பெரிய சார். கத்தவில்லை. கால அட்டவணையை இழுத்து, வெள்ளிக்கிழமைக் கட்டத்தை ரப்பரால் அழித்து, ஊதிவிட்டு, 'கணக்கு' என்று எழுதினார். நான் கொண்டுபோன டீ ஆறுவதற்குள் முடிந்துவிட்டது. கடிதத்தில் அவரே கையெழுத்துப் போட்டார்.

குடைகளைக் கட்டுகிற அன்று மதியம் பிள்ளைகள் ஸ்டோருக்கு ஒவ்வொருவராக வந்தார்கள். "தபாலக்கா, ஒரே ஒரு தடவை விரிச்சுப் பார்த்துட்டுத் தர்றோம்." விரித்தார்கள், மடக்கினார்கள், பட்டனை ஒழுங்காகப் போட்டுக் கொடுத்தார்கள். இவ்வளவு சமர்த்தாக அவர்களை நான் பார்த்ததே இல்லை. அடுக்கும்போதுதான் கைக்குத் தட்டுப்பட்டது. குடைத்துணிக்குள் சுருட்டிய தாள். முதலாவது கேள்விப்பெட்டியுடையது: "மழை வந்தா எங்க பெஞ்சு நகரும். குளிர் வந்தா உங்க பெஞ்சு நகருமா?"

நான் பெரிய சாரிடம் சொல்லியிருக்க வேண்டும். தாளைச் சுருட்டி அது இருந்த இடத்திலேயே வைத்தேன். இருபத்தேழு குடையில் தாள் இருந்தது. ஒரு பையன் அன்று வரவில்லை. அவனுடைய நீலக் குடை மட்டும் காலி.

ஐந்து மணிக்கு டீச்சர் அந்தப் பக்கம் போனார். வாழ்க்கையில் ஒருதடவை நானாகப் போய் ஒருவரைக் கூப்பிட்டேன்.

"டீச்சர், நீலக் குடை காலியா இருக்கு."

என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு குடைகளைப் பார்த்தார். ஒரு குடையின் மடிப்பைத் தொட்டார், தாள் சரசரத்தது. கவிழ்த்த பக்கெட் மேல் உட்கார்ந்து, மடியில் உருண்டையை வைத்து, அதன்மேல் தாளை வைத்து எழுதினார். கீழே மொழிபெயர்த்து, மடிக்காமல் என்னிடம் நீட்டினார். "படிச்சுட்டே கட்டுங்க."

"என் தம்பிக்கு ஒரு மகன் இருக்கிறான். ஆனால் அவன் வேறு வீட்டில் இருக்கிறான். அவனைப் பார்த்து இரண்டு வருடம் ஆகிறது. அவனுக்கு சைக்கிள் ஓட்டத் தெரியுமா என்று எனக்குத் தெரியாது. என் கதவை நான்தான் திறக்கிறேன். மழைக்காலத்தில் அதைத் தோளால் இடிக்க வேண்டும். நீங்கள் கேட்ட மற்ற எல்லாவற்றுக்கும் இருப்பதைத்தான் எழுதினேன்." அதற்கடியில், கண்ணாடிக் கடைக்கு மேலே இருக்கிற அறையின் விலாசம்.

சுருட்டி நீலக் குடைக்குள் வைத்தேன்.

அதற்குப் பிறகு வெள்ளிக்கிழமை கடைசி பீரியட் டீச்சர் பீரோவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். எதிர் வகுப்பிலிருந்து அவருடைய பிள்ளைகள் வாய்ப்பாடு சொல்வது கேட்கும். தபால் வந்ததா என்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை. என் மேசை வரும்போது நடை கொஞ்சம் குறையும். பதிவேட்டைத் தலைகீழாகவே ஒரு பார்வை பார்ப்பார். நான் இல்லையென்று தலையாட்டுவேன். மழைக்காலம் வந்தது. அந்த வருடம் நாலு பக்கெட்டும் போதவில்லை, என் வீட்டிலிருந்து ஒன்று கொண்டுவந்தேன்.

ஏழு மாதம் கழித்து எங்கள் ஸ்வெட்டர்களும் திரும்பி வந்தன. கூடவே ஒரு கடிதம். ஹீட்டர் நன்றாக வேலை செய்கிறது, அது சிறுபிள்ளைகளின் கற்பனை, நன்றி. அந்த ஊர்ப் பெரிய சார் கையெழுத்து. எங்களவர் படித்துவிட்டு, "ஸ்டோர்ல போடு" என்றார்.

டீச்சரைக் கூப்பிட்டேன். அன்றும் வெள்ளிக்கிழமை, கடைசி பீரியட், அவருக்கு வேலையில்லை. இரண்டு பேரும் உட்கார்ந்து ஒவ்வொரு ஸ்வெட்டராக எடுத்து, ஒவ்வொரு கைக்குள்ளும் கைவிட்டுப் பார்த்தோம். தாள் எதுவும் இல்லை. பாதி பெட்டி தாண்டியதும் டீச்சர் துழாவுவதை விட்டுவிட்டு, மடித்து மட்டும் வைத்தார்.

அப்போதுதான் ஒன்றைக் கவனித்தேன். ஒரு மஞ்சள் ஸ்வெட்டரில் மேல் பட்டன் மாறியிருந்தது. நாங்கள் அனுப்பும்போது எல்லாம் வெள்ளை, இப்போது ஒன்று மட்டும் கறுப்பு. இன்னொன்றின் பையில் பென்சில் சீவல். மணிக்கட்டு ஓரமெல்லாம் மைக்கறை.

"டீச்சர், இதையெல்லாம் போட்டிருக்காங்க."

வாங்கிப் பார்த்தார். பென்சில் சீவலை உள்ளங்கையில் கொட்டினார். "ஹீட்டர் நல்லா ஓடுதாம்" என்றார். சொல்லிவிட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன். கண்ணில் தண்ணீர் வருமளவுக்குச் சிரித்தோம், யாராவது வந்துவிடுவார்களோ என்று வாயைப் பொத்திக்கொண்டு.

பிறகு எண்ணி அடுக்கினேன். முப்பத்தொன்பது. மறுபடி எண்ணினேன். பெட்டியைக் கவிழ்த்துத் தட்டினேன். பழுப்பு ஸ்வெட்டர் இல்லை.

"உங்களோடது மட்டும் வரல டீச்சர்."

அவர் காலிப் பெட்டிக்குள் எட்டிப் பார்த்தார். பிறகு உருண்டையை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டார். வெளியே தூறல் போட ஆரம்பித்திருந்தது. குளிர் வரப்போகிறது, வேறு ஸ்வெட்டர் அவரிடம் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

"பதிவேட்டுல எத்தனைன்னு எழுதட்டும்? அனுப்பினது நாப்பதுன்னு இருக்கே."

"இருக்கிறதை எழுதுங்க தபாலம்மா" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.

முப்பத்தொன்பது என்று எழுதினேன். அவர் பெயருக்கு வேறு தபால் எதுவும் அன்று இல்லை. இதை எழுதுகிற இன்றுவரை இல்லை. என் மேசையைத் தாண்டும்போது மட்டும் அவர் நடை இன்னமும் கொஞ்சம் குறைகிறது.